மாடியில் மட்டும் மிதோரி

“மிதோரி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“குழம்பு சோறு. நீங்க, சேய்ஜி?”

“நானும் அதான். முந்தாநாளும் அதான்.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அன்னிக்குத்தான் குழம்பு வெச்சேன்.”

இவ்வளவையும் ஆங்கிலத்தில் பேசி முடிப்பதற்குள் எங்கள் தேநீர் ஆறிப்போயிருந்தது. ஒகயாமாவில், சலவைக் கடைக்கு மேலிருந்த சின்ன அறையில் நடந்த பேச்சு வகுப்பு அது. கனடாக்காரி ஹெதர் டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள்: “இங்க குடும்பப் பேரும் கிடையாது, ‘சான்’னு மரியாதையும் கிடையாது. பேர் சொல்லித்தான் கூப்பிடணும். கூச்சம் போனாத்தான் பேச்சு வரும்.”

மகள் பிறந்த நாளிலிருந்து என் கணவர் என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார், கடைசிவரைக்கும். மகளுக்கும் அம்மா, பேரனுக்குப் பாட்டி. என் பெயரே எனக்கு மறந்துபோயிருந்த வயதில், டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற இந்த சேய்ஜி, காது சிவக்க, “மிதோரி” என்றார்.

வகுப்பு முடிந்து செருப்பை மாற்றிப் படியிறங்கினால் போதும், இருவருக்கும் குடும்பப் பெயர் திரும்பிவிடும். “குவாபரா-சான், படி ஈரமா இருக்கு, பாத்து.” “சரிங்க, ஓகுரா-சான்.” பெயர்கள் மாடியிலேயே தங்கிவிடும்.

ஒருமுறை மட்டும், கடையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து “மிதோரி!” என்று கேட்டது. திரும்புவதற்குள் அவர் கூடையும் கையுமாகக் குனிந்து வணங்கிவிட்டார். “மன்னிக்கணும், குவாபரா-சான். வாய் தவறிடுச்சு.” அது போதாதென்று மறுவாரம் மன்னிப்புக்காக ஒரு பெட்டி பீச் பழம். அடுக்களையில் நின்றபடியே அத்தனையும் தின்றேன். எதற்கு மன்னிப்பு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஹெதர் ஊர் திரும்புகிறாள். நேற்றுதான் கடைசி வகுப்பு. கேக் வெட்டினோம், அழுதோம், படியிறங்கினோம். டிராம் நிறுத்தத்தில் நாங்கள் இருவர்தான்.

“அடுத்த வியாழக்கிழமை என்ன பண்ணுவீங்க, குவாபரா-சான்?”

“தெரியல. நீங்க?”

“குழம்பு வைப்பேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடும்.”

சிரித்தேன். தூரத்தில் டிராம் திரும்பியது. இது அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் என்னை அந்தப் பெயரால் கூப்பிட உலகத்தில் யாருமில்லை.

“உடம்பைப் பாத்துக்கங்க, குவாபரா-சான்” என்று குனிந்தார்.

“அந்த பீச் பழம்...”

“ஐயோ, புளிச்சுதா?”

“தேனா இருந்துது. மன்னிப்புக் கேட்டுக் குடுத்தீங்க பாருங்க, அதான் பிடிக்கல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். டிராம் வந்து நின்று கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. எங்கள் சொந்த மொழியில், முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன்:

“சேய்ஜி-சான், இனிமே கீழேயும் என்னை மிதோரின்னே கூப்பிடுங்களேன்.”