விலகிய வாள்முனை

ஜப்பானிய வாள்வீச்சுக் கலையான கெண்டோவில் எட்டாம் நிலைக்கு மேல் நிலை கிடையாது. நூற்றுக்கு ஒருவர் தேறினாலே அதிசயம். இந்த முறையும் டொகுஜி கோட்டை விட்டார். கியோத்தோ அரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி மிட்சுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாள் பிடிக்கத் தெரியாத மனிதரா அவர்? எதிரே நிற்கவே பலர் தயங்குவார்கள். ஆனால் ஆயுளில் பாதி கற்றுக்கொடுத்தே போய்விட்டது. மாணவர் நன்றாகப் பாய்ந்து வந்தால், ஆசிரியர் தன் மூங்கில்வாளின் முனையை இம்மியளவு விலக்கித் தலையில் அடி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சரியான அடி எதுவென்று மாணவரின் உடம்புக்குப் புரியும். அந்தப் பழக்கம் தேர்விலும் வந்து தொலைத்தது. அதனால்தான் குளிர்காலம் முழுக்க அவரை வகுப்புப் பக்கமே அண்டவிடாமல் மாணவர்கள் எல்லாரையும் இவளே மேய்த்தாள். அவரைப்போல இவளும் ஏழாம் நிலைதான். மாலையில் தன்னோடு மட்டும் மோதவைத்தாள். அவர் தலையில் ஒரு அடி இறக்கிவிட்டால் அன்று இவளுக்குக் கால் தரையில் பாவாது.

அத்தனையும் வீண். இன்று எதிரி பாய்ந்ததும் இவர் முனை விலகியது. 'படார்' என்று தலையில் அடி. போதாததற்கு முகக்கவசத்துக்குள்ளிருந்து "பலே!" என்று பாராட்டு வேறு. நடுவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்வரைதான் பொறுத்தாள்.

"ஏங்க, தேர்வுக்குப் போனீங்களா, பாடம் நடத்தப் போனீங்களா?"

"நல்ல அடி மிட்சுயோ அது. தானா விலகிடுச்சு."

"அதெப்படி தானா விலகும்? குளிர்காலம் பூரா என்கிட்ட விலகலையே!"

டொகுஜி சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை மூடி வைத்தாள்.

"என்கிட்டயுமா?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

"நீ நல்லா வந்தப்பல்லாம்."

அந்த அடிகளை நம்பித்தான் நவம்பரில் வரும் அடுத்த எட்டாம் நிலைத் தேர்வுக்குத் தானும் போவதென்று இருந்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது.

"நாளைக்குக் காலையில கவசத்தை மாட்டுங்க. முனை விலகிச்சோ, தொலைச்சுடுவேன்."

மறுநாள் முனை விலகவில்லை. மிட்சுயோ பாய்ந்த போதெல்லாம் அது அவள் தொண்டைக் கவசத்தில் வந்து நின்றது. ஒரு அடிகூட இறங்கவில்லை. கடைசியில் கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்து விசும்பினாள்.

"இப்படியே ஆடுங்க. தேறிடுவீங்க," என்றாள்.

டொகுஜி, அடிபட்ட மாணவரிடம் குனிவதுபோலவே, அருகில் வந்து குனிந்தார். "வலிக்குதாம்மா?"

"ஐயோ! மொதல்ல இந்தக் கேள்விய விட்டுத்தொலைங்க!"