மத்தியானத் தண்ணீர்

சோதிக்க ஒரு ஹீட்டர்கூட இல்லாதபோது குழாயில் எப்படித் தண்ணீர் வருகிறது என்பதுதான் பொன்ராஜுக்கு விளங்கவில்லை.

திருச்சுழி சாலையில் அவருடைய வாட்டர் ஹீட்டர் கம்பெனி. ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் ஏற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடுவார்கள். அது ஒரு குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே பள்ளத்தில் விழும். மாயக்காளின் ஆடுகள் மத்தியானம் வந்து குடிக்கும்.

மலையூர்களிலிருந்து வரும் ஆர்டர் குறைந்துபோனது. புதிது வாங்காமல் பழைய ஹீட்டரையே பழுதுபார்க்க அனுப்பினார்கள். அவை கிடங்கில் தொடாமல் கிடந்தன. பாதிப் பேரை நிறுத்தியாகிவிட்டது. சோதனைக்கு மிச்சமிருந்தவள் சங்கரம்மாள். இந்த மாதத்தோடு சரி என்று அவளிடமும் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனாலும் பள்ளம் தினமும் நனைந்திருந்தது. லாரித் தண்ணீரை வீணாக்குகிறாளோ? மறுநாள் மத்தியானம் அவள் பின்னாலேயே போனார்.

அவருடைய அறை ஜன்னலுக்குக் கீழே குனிந்து, அவள் ஒரு வாளியை எடுத்தாள்.

"என்னத்தா இது?"

"உங்க ஏசி சொட்டுற தண்ணி அண்ணாச்சி. காலையிலேருந்து சேருது."

"ஆட்டுக்கா?"

"வந்து நின்னு குழாயையே பாக்குதுக. ஆர்டர் இல்லைன்னு அதுககிட்ட யாரு சொல்லுறது?"

சுவருக்கு அப்பாலிருந்து மாயக்காள் கத்தினாள்: "ஏத்தா சங்கரம்மா! உங்க மொதலாளி தண்ணியையும் வேலைய விட்டு நிறுத்திட்டாரா?"

சங்கரம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோனது. சித்திரைதோறும் கம்பெனி வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது அவர் குடும்ப வழக்கம். நஷ்டம் என்று இந்த வருடம் விட்டுவிட்டார். சாமி அதை வேறு கையில் கொடுத்து நடத்திக்கொண்டிருந்தது போலிருந்தது.

வாளியை வாங்கி அவரே குழாய்க்குள் ஊற்றினார். வெளியே குளம்புகள் நெருக்கியடித்தன. ஆளுக்கு ஒரு வாய்தான் கிடைத்திருக்கும்.

"கிடங்குல கிடக்குற பழசையெல்லாம் சரிபண்ணி அனுப்புவோம். ஒழுக்கு பாக்க ஆளு வேணும். ஆனா பாதி நாள் வேலைதான் தர முடியும்த்தா. மாசம் பொறந்தும் வா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி யோசித்தாள்.

"காலையிலயா, மத்தியானமா அண்ணாச்சி?"

"ஏன்?"

"ஆடுக மத்தியானம்ல வருது."