அந்த ஆள் வீடு திரும்பினானா?

டொரதி டீச்சரும் நானும் கண்டியில் பக்கத்துப் பக்கத்து வீடு. எத்தனையோ வருடப் பழக்கத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்துப் பேசியதில்லை. கடைசியில் ஒரு பழைய இங்கிலீஷ் படத்துக்காகச் சண்டை வந்தது.

பாலைவனத்தில் லொறி புதைந்துபோய் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிற படம். பெயர் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. நான் சின்ன வயதில் கம்பளையில் பார்த்தேன். டீச்சர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கண்டியில் பார்த்திருக்கிறார். நெருப்பு மூட்டி, முட்புதரைப் பிழிந்து, ஒரு மிடறு தண்ணீருக்கு அவன் படுகிற பாடு இருவருக்கும் அப்படியே ஞாபகம் இருந்தது. முடிவில்தான் இடித்தது. அவன் மணலில் விழுந்து செத்தான் என்றேன் நான். இல்லவே இல்லை, வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினான் என்றார் டீச்சர். பேச்சு வளர்ந்தது. குடித்த தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஒன்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் பாயிஸாவிடம் கேட்டேன். ஒட்டகக்காரர்கள் வந்து காப்பாற்றினார்கள் என்று அவள் சத்தியம் பண்ணாத குறை. வங்கியில் இருந்த பொன்னுத்துரையைக் கேட்டால், அந்தப் படத்து ஆள் இரண்டாம் கலியாணம் முடித்தான் என்றார். அது வேறு படமாக இருக்கவேண்டும். ஆளுக்கொரு முடிவை வைத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். நான்தான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

டீச்சர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்பதை அவருடைய மகள் ஷிரோமிதான் சொன்னாள். டீச்சருடைய அண்ணன் அன்ட்ரூ, லொறி ஓட்ட சவூதிக்குப் போனவர். முதல் வருடம் கடிதம் வந்தது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. புறப்படுவதற்கு முந்திய நாள் தங்கச்சியைக் கூட்டிப்போய்க் காட்டியது இந்தப் படத்தைத்தான். அந்த ஆள் மாதிரி நானும் வந்து நிற்பேன் என்று தியேட்டர் வாசலில் சொன்னாராம். நவம்பர் மாதம் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைத்து, கொடுத்த பெயர்களைப் பாதர் வாசிப்பார். டீச்சர் அப்பா பெயரைக் கொடுப்பார், அம்மா பெயரைக் கொடுப்பார். அண்ணன் பெயரை மட்டும் ஒரு வருடமும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அவரைச் சாகக் கொடுத்தது மாதிரி என்று நினைப்பு.

இதைக் கேட்டதும் போய்ச் சமாதானம் பேசினேன். டீச்சரோ, படத்தைத் தேடிப் போடுங்கள், பார்த்துவிடுவோம் என்றார். ஷிரோமி எப்படியோ தேடிப்பிடித்து டீவியில் போட்டுக் கொடுத்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வீட்டு வாசலில், படலையடியில் அந்த ஆள் நிற்கிறான். பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. மனைவி கண்ணைத் துடைக்கிறாள்.

"இதுதான் கடைசி," என்றார் டீச்சர். "இது எப்படி முதல்ல வருது?"

அவன் பிள்ளையை இறக்கிவிட்டு லொறியில் ஏறினான். லொறி புறப்பட்டது. டீச்சர் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் தியேட்டருக்குப் படப்பெட்டி தூக்கியவன் என் கொழுந்தன் முத்துலிங்கம். இருவருக்கும் கேட்கும்படி ஃபோனில் பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கம்பளைக்கும் கண்டிக்கும் ஒரே ஒரு பிரதி. கம்பளையில் முன்கூட்டியே தொடங்கி, ஓடி முடிந்த ரீலை ஒவ்வொன்றாக பஸ்ஸில் கண்டிக்கு அனுப்புவார்கள். வழியில் பேராதனையில் பஸ் மாட்டிக்கொண்டால் கடைசி ரீல் நேரத்துக்கு வராது. சனம் கதிரையை உடைக்கும்.

"அதனால முதல் ரீல்ல அந்தப் படலை சீனை மட்டும் திரும்ப ஓட்டி, ஆள் லொறியில ஏறுறதுக்கு முந்தி வெட்டிருவோம் மதினி. ஆள் வந்து சேந்துட்டான்னு எல்லாரும் கைதட்டிட்டுப் போயிருவாங்க."

நான் அவசரமாக ஃபோனை வைத்தேன். முழுப் படமும் ஓடிய கம்பளையில் பார்த்த நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அப்படி ஆகியிருக்கவே வேண்டாம் என்றிருந்தது. போகிறவனைத்தான் டீச்சர் இத்தனை காலமும் வருகிறவன் என்று நினைத்திருக்கிறார்.

மிச்சத்தைப் பார்ப்போமா என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஆவல் விடவில்லை.

"வேணாம் ஞானம் அக்கா. அண்ணன் பாக்காத முடிவு எனக்கெதுக்கு?" என்றார். பிறகு, "அவரும் எனக்குப் பக்கத்துல இருந்துதானே கைதட்டினாரு. வந்து சேந்துருவோம்னு நெனச்சுத்தான் போயிருக்காரு. பயப்படாமப் போயிருக்காரு," என்றார்.

டீவியை அணைத்துவிட்டு அவரே பாதருக்கு அழைத்து, அந்த நவம்பர் பூசைக்கு அன்ட்ரூ பெயரையும் சொன்னார். குரல் பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட வரச்சொன்னார்.

கோயிலில் பாதர் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். அன்ட்ரூ என்றதும் டீச்சர் என் தோளில் சாய்ந்து, அப்போதுதான் பிணம் வீட்டுக்கு வந்து இறங்கியதுபோல வாய்விட்டு அழுதார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம்கூடத் தெரியாத அந்த மனிதருக்காக நானும் அழுதேன்.