கீழ்த்தளக் குளியலறைக்கான வரைவுகள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. கழுத்து வலிக்காக பிசியோதெரபி மையத்தில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண்மணி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் வீடு கட்டினவரு. எங்க வீட்டுல கீழ ஒரு பாத்ரூம் கிடையாது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரி: "ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞரின் மாலைகள் தனிமையில் கழி..."

(அடித்துவிட்டேன். தனிமையாவது ஒன்றாவது! மனிதருக்கு மூச்சுவிட நேரமில்லை.)

ஓய்வுபெற்ற அன்றே கட்டடங்கள் அவரை விட்டுவிட்டன. வரைபட மென்பொருள் விடவில்லை. கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். இப்போது கொத்தனாரும் இல்லை, செங்கல்லும் இல்லை, மில்லிமீட்டர் மட்டும் இருக்கிறார். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் கேட்கும் இணையப் பக்கத்தில் அவர்தான் சம்பளமில்லாத பெரிய தலை. எவனோ ஒருவனுடைய கூரை கோணலாக வந்தால் சோற்றுக் கையோடு ஓடுவார். நிறுவனம் அவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒன்று போட்டிருக்கிறது. அதை மனைவியிடம் இரண்டு தடவை காட்டியாயிற்று.

3

வீட்டிலிருந்த ஒரே குளியலறை மாடியில். மனைவி கேட்டது கீழே ஒன்று. வரைந்தார். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பழைய கோப்பைத் திறந்தால் கதவு சுவருக்குள் போயிருந்தது. நிறுவனத்துக்குப் புகார் எழுதினார், நன்றி வந்தது, மறுபடி வரைந்தார், அதற்குள் அடுத்த பதிப்பு. இந்த முறை சுவர்க் கைப்பிடியின் உயரத்தைச் சரிபார்க்க, மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் மனித உருவத்தை நிறுத்தினார்: ஆறடி ஆள், கையில் பெட்டி, ஆபீஸ் போகிற அவசரம். கைப்பிடி அவனுக்குக் கச்சிதமாக எட்டியது.

"யாருங்க இவன், நம்ம பாத்ரூம்ல?"

"சும்மா அளவுக்கும்மா."

"நான் இவன் தோளுக்குக்கூட வரமாட்டேனே."

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்."

(இங்கே அவரை நல்லவராகக் காட்ட ஒரு பத்தி எழுதினேன். கெட்டவர் இல்லைதான். ஆனால் பத்தி முடிவதற்குள் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது. நீக்கிவிட்டேன்.)

4

ஒரு மத்தியானம் பாதிப் படியில் அவள் முழங்கால் பிடித்துக்கொண்டது. எழவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"ஏங்க!"

"இதோ வந்துட்டேன்மா!" குரல் மட்டும் வந்தது. யாருக்கோ ஜன்னல் திறக்கவில்லையாம்.

கூப்பிட்டுச் சலித்தவள், கையிலிருந்த போனில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, புதுப் பெயரில் ஒரு கேள்வி போட்டாள்: "மாடிப்படியில் மாட்டிக்கொண்டேன். கீழே குளியலறை வேண்டும். என்ன செய்வது?"

கண்மூடித் திறப்பதற்குள் மில்லிமீட்டரின் பதில்: "வணக்கம் நண்பரே! தெளிவான கேள்விக்கு நன்றி. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள்?"

அவரிடமிருந்து இத்தனை மரியாதையான வார்த்தை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாள். அழுகை வந்தது. பிறகு தட்டினாள்: "கல்யாணத்தின்போது கிடைத்தது. ஜன்னலை விட்டுவிட்டுப் படிக்கு வாங்க."

5

முடிவு அ: நாற்காலி உருளும் சத்தம். ஓடி வருகிறார். (சினிமா.)

முடிவு ஆ: "நண்பரே, உங்கள் கேள்வி பொருத்தமான பகுதிக்கு மாற்றப்பட்டது." (தமாஷ்தான். ஆனால் அவள் முகத்தை நினைத்தால் கை வரவில்லை.)

முடிவு இ: அவளே கொத்தனாரைக் கூப்பிடுகிறாள். (என் ஆசை. ஆனால் கொத்தனார் கேட்கும் முதல் கேள்வி: "சார் பிளான் முடிச்சுட்டாராம்மா?")

ஆ-வைத் திருத்தினேன். இ-யை அ-வுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். மறுபடி பழையபடியே வைத்தேன். இவ்வளவு நேரமும் அவள் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? போய் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிடுங்கள். நான் இதோ வந்துவிட்டேன். ஆ-வில் ஒரு காற்புள்ளி மட்டும் இடிக்கிறது.