மூன்று மாத்திரை

வீட்டுக்காரருக்குத் தட்டில் சர்க்கரை மாத்திரையை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். வந்து பார்த்தால் தட்டு காலி. வைக்கவே மறந்துவிட்டேனோ என்று இன்னொன்று வைத்தேன். அதுவும் காணாமல் போன பிறகுதான் இரண்டையும் அவர் முழுங்கியிருக்கிறார் என்று புரிந்தது. ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

என் வீட்டுக்காரர் ரயிலில் கரி என்ஜின் இருந்த காலத்தில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். டிரைவர் சிக்னலின் நிறத்தைச் சொன்னால் இவரும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் நான் "மாத்திரை" என்பேன், அவர் "போட்டாச்சு" என்பார். பதினாறு வருஷமாக இதில் பிசகு வந்ததில்லை. ஆனால் மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பொறி பட்டுப் பொத்தலான அவருடைய பழைய வேலைச் சட்டையை நான் தரை துடைக்கக் கிழித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை மாத்திரை என்று கேட்டார். நான் வைத்தது இரண்டு. அதற்கு முன்னால் தானாக ஏதும் போட்டாரா என்பது அவருக்குத்தான் தெரியும். அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிட்டால் வாய்வழியாக மருந்து கொடுக்க முடியாது, நேரமில்லை என்றார் டாக்டரம்மா.

வேறு வழி தெரியாமல், "மாத்திரை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டாச்சு. மூணு."

"மூணையும் ஏன் முழுங்கினீங்க?"

"முதல்ல நானா ஒண்ணு போட்டேன். அப்புறம் நீ வெச்ச. வேணாம்னு சொல்ல வாயத் திறக்கணுமே."

கையில் குளுக்கோஸ் ஏற ஆரம்பித்தது. வயிற்றில் இருக்கும் மருந்தை ரத்தத்தில் கலக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று நர்ஸ் ஒரு டம்ளர் நிறைய கரிக்கரைசல் கொண்டுவந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். பாதி என் புடவையில் சிந்தியது. கறை போகாதேம்மா என்றாள் அவள். எனக்கா தெரியாது? கல்யாணமான புதிதில் அந்தச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே என் விரல் நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. அப்போது வாசலில் வந்து நிற்பார், முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. அதைப் பார்க்கவே கதவோரம் காத்திருப்பேன். எத்தனை ஆசையாக இருந்தது அந்த நாட்களில்.

நாளைக் காலைவரை இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டுமாம். மணிக்கொரு தரம் நர்ஸ் அவர் விரலில் குத்திவிட்டுச் சர்க்கரை அளவைச் சொன்னாள். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளுத்த முகத்தில் பல் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.