முன் மூங்கிலில் ஓர் இடம்

டிஸ்க் ஆபரேஷன் முடிந்த நாலாம் மாதம் செம்பியன் ஜிம்முக்குப் போய் நின்றார். மாஸ்டர் கதிரவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயசு, கூட்டுறவு பேங்க் கேஷியர், லேசான தொப்பை. மஞ்சக்குப்பத்து அந்த ஜிம்முக்கு வருகிறவர்கள் எல்லாம் போலீஸ் செலக்‌ஷனுக்கு நெஞ்சை விரிக்க வருகிறவர்கள்.

"சிக்ஸ் பேக்கா சார்?"

"முதுகுப்பா. சாமி தூக்கணும்."

மாசி மகத்தன்று ஊர் அம்மனைத் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தோளில் சுமந்து போவார்கள். முன் வரிசையில் இடப்பக்க மூங்கில் இருபத்திரண்டு வருஷமாகச் செம்பியனுடையது. வலப்பக்கம் அவர் மனைவியின் தம்பி தங்கராசு.

சிதம்பரத்து டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். முதுகுத் தசையைப் பலப்படுத்துங்கள், ஆனால் பாரம் சுமக்கவே கூடாது. செம்பியன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "டாக்டர் ஓக்கே சொல்லிட்டாரு" என்று ஊரில் சொல்லி வைத்தார். பச்சைப் பொய். ஆனால் அந்த இடமும் போய்விட்டால், பேங்க் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளை ஊரில் யார் தேடப் போகிறார்கள்?

முதல் வாரம் வெறும் கம்பியை மார்புக்கு இழுத்தார். பிறகு ஐந்து கிலோ. குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்கும்போது பக்கத்துப் பையன்கள் பார்ப்பார்களே என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. "கையால இழுக்காதீங்க சார், முதுகால இழுங்க" என்று கதிரவன் தினமும் சொன்னான். அது புரியவே ஒரு மாதம் ஆனது. மாசி பிறந்தபோது முப்பது கிலோ இழுத்தார், யார் துணையும் இல்லாமல் குனிந்து செருப்பு மாட்டினார்.

"எல்லாம் சரி, மூங்கிலுக்கு அடியில மட்டும் போவாதீங்க" என்றாள் மனைவி சௌந்தரம். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

2010 மாசி மகம். காலையில் அம்மன் புறப்பட்டாள். முதுகில் வலி இல்லை. நூறு அடி பெருமையாக நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பாரமும் இல்லை. மூங்கில் அவர் தோளுக்கு ஒரு விரல் மேலே போய்க்கொண்டிருந்தது. அதே மூங்கிலில் அவருக்குப் பின்னால் ஊரிலேயே நெட்டையான ஆளைப் போட்டிருந்தார்கள். தங்கராசு துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துத் தன் பக்கத்தை உயர்த்தியிருந்தார்.

"யாரு மச்சான் சொன்னது?"

"அக்காதான். ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டுச்சு. பேசாம நடங்க மாமா."

கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம். முழங்காலை மடக்கிப் பாரத்தைத் தட்டிக்கழிக்கிறவர்களை எத்தனை வருஷம் கிண்டலடித்திருக்கிறார். இன்று அவர் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் சுமந்தார்கள். தங்கராசுவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மோர்ப் பந்தலில் அம்மன் நின்றபோது செம்பியன் மூங்கிலை விட்டு வெளியே வந்தார்.

"ஆள மாத்துங்கப்பா. என்னால முடியாது."

முன் வரிசைக்கு உயரம் ஒத்த ஜோடிதான் வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவரும் விலகியாக வேண்டும், விலகிய ஜோடிக்கு அந்த இடம் திரும்பக் கிடையாது. சொன்ன பிறகுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அதற்குள் தங்கராசு துண்டை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு நாற்பத்திரண்டு வயசு, இன்னும் பத்து வருஷமாவது தூக்கியிருப்பார்.

"மச்சான், உன்னை நான் நெனைக்கவே இல்ல."

"விடுங்க மாமா. மோரைக் குடிங்க, அம்மன் கெளம்பிடும்."

செம்பியன் மோரை வாங்கி முதலில் தங்கராசுவிடம் நீட்டினார்.