கடைசி வண்டி

"வீட்டுக்குன்னு ஒரு ஆள் வேணும்ல" என்றாள் அண்ணி. இஸ்திரி போட்ட புடவையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாளே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லாரும் கிளம்பிட்டா எப்படி?"

எதிரே நின்ற நாத்தனாரின் கையில் பயணப் பை இருந்தது. அண்ணன் மகளின் கல்யாணத்துக்கென்று முந்தின நாளே துணிமணி அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடி வைத்த பை.

"பூட்டிட்டுப் போகலாமே அண்ணி. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு கண்ணு பாத்துப்பார்."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அண்ணன் சட்டைப் பொத்தானை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தான்.

"அது இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டுல பழைய காலத்து ஆளுங்க. உன்னைப் பத்தி ஒருதரம் கேட்டாங்க. ஆம்பளைங்க நடுவுல அத்தனை வருஷம் கூடாரத்துல இருந்தவங்களாமேன்னு. நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாத்திட்டேன். இப்ப நீ அங்க வந்து நின்னா திரும்ப ஆரம்பிப்பாங்க. பொண்ணு வாழப்போற இடம் பாரு."

சொல்ல அவளிடம் பதில் இருந்தது. ஆனால் 'பொண்ணு வாழப்போற இடம்' என்ற ஒரு சொல் வாயை அடைத்துவிட்டது. பையைச் சுவரோரமாக வைத்தாள்.

"சரிண்ணே."

"பொண்ணுகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். நீ கடைசி வண்டில வர்றேன்னு சொல்லிக்கறேன்."

பட்டாளத்தில் அவள் லாரி ஓட்டியவள். ஓட்டுவது மட்டுமல்ல, வழியில் படுத்துவிட்ட வண்டிகளைத் தட்டிக்கொட்டி எழுப்பி அழைத்து வருகிற பழுது லாரி அவளுடையது. மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாகப் போகும்போது அந்த லாரிதான் கடைசியில் வரும். குண்டு விழுந்த பாதையிலும் போயிருக்கிறாள். பனியில் கை மரத்து, ஸ்டியரிங்கோடு விரல்கள் ஒட்டிக்கொண்டதும் உண்டு. ஊர் திரும்பியபின் இதையெல்லாம் அவளிடம் யாரும் கேட்கவில்லை. "ராத்திரி எங்க படுப்பீங்க?" என்றுதான் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள், அதுதான் வலித்தது. குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்று, தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். பெண் கேட்டு வந்த இரண்டொருவரும் விஷயம் தெரிந்ததும் காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். அதன்பின் மாடி அறைதான் அவள் உலகம். தன் தட்டைத் தானே கழுவி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் பட்டாளத்தம்மா. மரியாதைக்காக வைத்த பெயர் அல்ல.

வாசலில் குரல் கேட்டது. "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று அண்ணன் குழைந்தான். தெருக்கோடி வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். பட்டாளத்துச் சமையற்கூடத்தில் சில வருஷம் இருந்தவர். தெருவே அவரைக் 'கேப்டன்' என்று கூப்பிடும்.

"நீங்க பொண்ணு காருக்கு அடுத்த கார்ல உக்காருங்க. கூட ஒரு பட்டாளத்து மனுஷர் வந்தா நமக்கும் ஒரு கௌரவம்" என்றாள் அண்ணி.

மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டவள் திரையை விட்டு விலகிக்கொண்டாள்.

வண்டிகள் கிளம்பின. முன்னால் மணப்பெண்ணின் கார், பின்னால் உறவுக்காரர்களின் கார்கள், கடைசியில் சாமான் ஏற்றிய வேன். ஒவ்வொரு என்ஜினையும் காதால் அடையாளம் கண்டாள். வேனுக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது, கிறீச்சிடுகிறது. தெருமுனை திரும்பினால் சத்தம் தேயும். அப்புறம் இந்த வீடு முழுக்க அவளுக்கு.

சத்தம் தேயவில்லை.

மாறாக, ஒவ்வொன்றாக என்ஜின்கள் அணைந்தன. பிறகு ஒரு ஹாரன், நீளமாக, மூச்சு முட்டும் வரை.

அவள் படியிறங்கி ஓடினாள். தெருமுனையில் வண்டிகள் அத்தனையும் வரிசையாக நின்றன. முதல் காரின் டிரைவர் வெளியே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"சாவியை உருவிட்டாங்கம்மா. குடுக்க மாட்டேங்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

காருக்குள் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். சாவியைப் பொத்திய கை மடியில் இருந்தது. அண்ணன் ஜன்னலில் குனிந்து கெஞ்சினான்.

"நேரமாவுதுடி. குடு."

"வளைவுல திரும்பறப்ப எல்லா வண்டியும் தெரிஞ்சுது. வேன்ல அத்தை இல்ல. கடைசி வண்டில வர்றாங்கன்னு சொன்னீங்களேப்பா?"

அத்தையைக் கண்டதும் அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "பின்னாடி வர்ற வண்டி கண்ணாடில தெரியலைன்னா முன்னாடி வண்டி நகரக் கூடாது. யாரு சொன்னது?"

"நான்தான்" என்றாள் அத்தை.

லீவில் வரும்போதெல்லாம் சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன கதை அது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டால் போதும், மலையில் யாரும் தனியாக விடுபட மாட்டார்கள் என்று. குழந்தைகள் கதையைத்தான் கேட்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

"நீ போம்மா. மாப்பிள்ளை வீட்டுல ஏதாச்சும் கேட்டா உனக்குத்தான் சங்கடம்."

"கேக்கட்டும். எங்க அத்தை லாரி ஓட்டினாங்கன்னு சொல்றேன். இதையே சொல்ல வாய் வரலைன்னா, நாளைக்கு அந்த வீட்டுல எனக்காக நான் எதைத்தான் சொல்லப்போறேன்?"

இரண்டாவது காரிலிருந்து கேப்டன் மெல்ல இறங்கினார்.

"நான் அங்க வெங்காயம் உரிச்சவன்" என்றார் அண்ணனிடம், தணிந்த குரலில். "வழியில நின்னுபோன வண்டியை இவங்க எழுப்பிக் கூட்டிவந்தாத்தான் எங்களுக்கு அரிசியே வரும். என் இடத்துல இவங்க உக்காரட்டும்."

"வேண்டாங்க. நீங்க உக்காருங்க" என்றாள் அவள். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவளுக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. கடவுள் பெரிய காரியங்களை மட்டுமே பார்ப்பவர் அல்லர். மூடிய கைக்குள் இருக்கும் சாவியும், காலியாகும் ஓர் இருக்கையும் அவர் கண்ணில் படாமல் போவதில்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி, ஏறு. கார்ல இடமில்ல, சாமான் வேன்ல வா."

"வீட்டை யாரு பாத்துக்கறது?" என்றாள் அண்ணி.

சத்தம் கேட்டுத் தெருமுனைக்கு வந்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரர் குரல் கொடுத்தார். "நான் எங்க போறேன்? இங்கதான இருக்கேன்."

அவள் வீட்டைப் பூட்டி, பையை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். அண்ணி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"அங்க வந்து பட்டாளக் கதையெல்லாம் எடுக்காத."

"நானா எடுக்க மாட்டேன் அண்ணி. கேட்டா சொல்வேன்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போகிற வீட்டில் இன்னும் எத்தனை முகங்கள் இப்படித் திரும்புமோ. அவளுக்குத் தெரியாததல்ல.

வேன் டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்னம்மா, சொந்தக்காரங்கன்றீங்க, பாத்திர பண்டத்தோட ஏத்திவிட்டுட்டாங்க?"

"எப்பவும் கடைசி வண்டிதாம்ப்பா நான். பெல்ட் தளர்ந்திருக்கு, நிக்கற இடத்துல சொல்லு, இறுக்கித் தரேன்."

முன்னால் கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பழக்கம் விடவில்லை, அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். காலித் தெரு. பின்னால் விடுபட்டவர் யாரும் இல்லை.